சோறு இனி தொட்டுக்கொள்ளத்தான்: எடைக் குறைப்பு ஆபரேஷனுக்குப் பிறகு சாப்பிடப் பழகுவது

ஆபரேஷன் முடிந்து வீட்டுக்கு வந்த அன்று அம்மா ஒரு டம்ளர் ரசத்தை வடிகட்டி, ஆறவைத்து, கட்டிலுக்குப் பக்கத்தில் கொண்டுவந்து வைத்தார். மணி காலை பத்து. டம்ளர் காலியானபோது பன்னிரண்டேகால். நடுவில் இரண்டு மூன்று தடவை எட்டிப் பார்த்துவிட்டு, "என்னடி, இன்னுமா குடிச்சிட்டிருக்க? சூடு பண்ணித் தரவா?" என்று கேட்டார். எனக்கு அழுகை வந்துவிட்டது. அதுவரை சோறு, குழம்பு, ரசம், மோர் என்று நான்கு சுற்று சாப்பிட்டு எழுந்தவள் நான்.

எனக்கு நடந்தது ஸ்லீவ் ஆபரேஷன். நாலு வருஷம் ஆகிறது. அடுத்த வருஷம் என் அண்ணனுக்கு பைபாஸ் நடந்தது. இதய பைபாஸ் இல்லை, இரைப்பை பைபாஸ். அதற்குப் பிறகு சொந்தத்திலும் பள்ளிக்கூடத்திலும் யாருக்காவது இந்த ஆபரேஷன் என்றால் எனக்குத்தான் போன் வரும். எல்லோரும் கேட்பது ஒரே கேள்வி: "இனிமே என்னதான் சாப்பிடுறது?" ஆஸ்பத்திரியில் கொடுக்கும் தாளில் ஓட்ஸும் ப்ரோக்கோலியும் இருக்கிறது. நம் அடுப்பில் இருப்பது சோறும் குழம்பும். அந்தத் தாளை நம் வீட்டுச் சமையலுக்கு எப்படிக் கொண்டுவருவது என்பதை நானும் அம்மாவும் தட்டுத் தடுமாறித்தான் கற்றுக்கொண்டோம். அதை இங்கே வரிசையாகச் சொல்கிறேன். நான் டாக்டர் இல்லை, மதுரையில் ஒரு பள்ளிக்கூட டீச்சர். நான் சொல்லும் நாள் கணக்கை உங்கள் சர்ஜனோ டயட்டீஷியனோ மாற்றிச் சொன்னால் அவர்கள் சொல்வதையே கேளுங்கள்.

உள்ளே என்ன மாறியிருக்கிறது

இது தெரியாமல் சாப்பாட்டு விதிகளை மனப்பாடம் செய்தால் பத்து நாளில் மறந்துவிடும்.

ஸ்லீவில் இரைப்பையை நீளவாக்கில் வெட்டி, முக்கால் பங்குக்கு மேல் வெளியே எடுத்துவிடுகிறார்கள். மிச்சம் இருப்பது வாழைப்பழம் போல ஒரு குழாய். 100 முதல் 150 மி.லி. வரை பிடிக்கும், அதாவது ஒரு சின்ன காபி டம்ளர். பசியைத் தூண்டும் கிரெலின் என்ற ஹார்மோன் பெரும்பாலும் வெட்டி எடுத்த அந்த மேல்பகுதியில்தான் சுரந்துகொண்டிருந்தது. அதனால் முதல் சில மாதங்கள் பலருக்குப் பசியே தெரியாது. பைபாஸில் இரைப்பையை வெளியே எடுப்பதில்லை. மேலே ஒரு குட்டிப் பையை மட்டும் பிரித்து, சிறுகுடலை நேராக அதோடு இணைத்துவிடுகிறார்கள். அந்தப் பை ஆரம்பத்தில் 30 மி.லி.தான் பிடிக்கும், இரண்டு டேபிள்ஸ்பூன். சாப்பாடு இரைப்பையின் பெரும்பகுதியையும் சிறுகுடலின் முதல் பகுதியையும் தொடாமல் கடந்துபோகிறது. சத்து உறிஞ்சுவது குறைவதும், இனிப்பு சட்டென்று குடலில் இறங்கித் தொல்லை கொடுப்பதும் அதனால்தான்.

இரண்டிலும் உள்ளே தையல் போட்ட கோடு ஒன்று ஆறிக்கொண்டிருக்கிறது. சுற்றிலும் வீக்கம். முதல் வாரங்களில் நீராகாரம் மட்டும் கொடுப்பது இந்தத் தையலைக் காப்பாற்றத்தான். "எனக்குத்தான் ஒண்ணும் செய்யலையே" என்று எட்டாம் நாள் இட்லி சாப்பிடுகிறவர்கள் இருக்கிறார்கள். தயவுசெய்து வேண்டாம்.

இன்னொரு விஷயம் உள்ளே நடப்பதல்ல, தட்டில் நடப்பது. நம் சாப்பாட்டில் சோறுதான் சாப்பாடு. மற்றதெல்லாம் "தொட்டுக்க". முட்டையும் மீனும் பருப்பும் காயும் சோற்றை உள்ளே அனுப்புவதற்காக வந்தவை. ஒரு காபி டம்ளர் இடத்தில் அந்த வரிசை செல்லாது. தொட்டுக்கொள்ள வைத்ததுதான் இனி சாப்பாடு, சோறு தொட்டுக்கொள்ள. இதை மட்டும் வீட்டில் சமைப்பவருக்குப் புரியவைத்துவிட்டால் பாதி வேலை முடிந்தது. எங்கள் வீட்டில் அம்மாவுக்குப் புரிய மூன்று மாதம் ஆனது.

ஆபரேஷனுக்கு முன்பே தொடங்க வேண்டியது

பெரும்பாலும் ஆபரேஷனுக்கு முன் இரண்டு வாரம் சோறும் இனிப்பும் எண்ணெயும் குறைந்த சாப்பாடு கொடுப்பார்கள். கல்லீரலில் படிந்த கொழுப்பு குறைந்து அது சுருங்கினால்தான் அதற்குப் பின்னால் இருக்கும் இரைப்பை சர்ஜனுக்கு எட்டும். அந்த இரண்டு வாரத்தை ஒத்திகையாகவும் எடுத்துக்கொள்ளுங்கள். சாப்பிடும்போது தண்ணீர் குடிக்காமல் இருந்து பாருங்கள். ஒரு இட்லியை இருபது நிமிஷம் சாப்பிட்டுப் பாருங்கள். பள்ளிக்கூடத்தில் அடுத்த மணி அடிப்பதற்குள் டிபன் பாக்ஸைக் காலி செய்து பழகிய எனக்கு, ஆபரேஷனைவிட இதுதான் கஷ்டமாக இருந்தது.

முதல் இரண்டு வாரம்

முதல் ஓரிரு நாள் தெளிந்த நீராகாரம் மட்டும்: தண்ணீர், வடிகட்டிய ரசம், தெளிந்த சூப், டாக்டர் சம்மதித்தால் கொஞ்சம் இளநீர். ரசத்தில் புளியும் மிளகாயும் குறைத்து, மிளகு சீரகத்தைக் கொஞ்சமாகப் போட்டு, தக்காளித் தோலும் கறிவேப்பிலையும் வராமல் துணியில் வடிகட்டுங்கள். பிறகு படிப்படியாக மோர், கொழுப்பு நீக்கிய பால், நைசாக அரைத்து வடிகட்டிய பாசிப்பருப்பு, டயட்டீஷியன் எழுதிக்கொடுத்த புரோட்டீன் பவுடர்.

எப்படிக் குடிப்பது என்பதுதான் பெரிய கேள்வி. ஆஸ்பத்திரியில் மருந்து ஊற்றிக் கொடுக்கும் குட்டிப் பிளாஸ்டிக் கப் 30 மி.லி. பிடிக்கும். அதில் ஒன்றை வீட்டுக்கு எடுத்து வந்துவிடுங்கள். கால் மணி நேரத்துக்கு ஒரு கப், மிடறு மிடறாக. மணிக்கு நான்கு கப் என்றால் 120 மி.லி. விழித்திருக்கும் பதின்மூன்று மணி நேரத்தில் ஒன்றரை லிட்டரைத் தாண்டிவிடும். நாளுக்கு ஒன்றரை முதல் இரண்டு லிட்டர் என்பதுதான் இலக்கு. முதல் நாளே வராது. நான் போனில் கால் மணிக்கு ஒரு அலாரம் வைத்திருந்தேன். ஸ்ட்ரா வேண்டாம், காற்றும் சேர்ந்து உள்ளே போகும். கோலி சோடாவும் கூல்டிரிங்க்ஸும் அதே காரணத்தால் வேண்டாம். சிறுநீர் அடர்ந்த மஞ்சளாகப் போனால், எழுந்து நின்றால் தலை சுற்றினால், தண்ணீர் போதவில்லை என்று அர்த்தம்.

பருப்புத் தண்ணியைப் பற்றி ஒரு வார்த்தை. பருப்பை வேகவைத்து மேலே தெளிந்த நீரை மட்டும் எடுத்துக் கொடுத்தால் சத்து என்று நம் வீடுகளில் ஒரு நம்பிக்கை. அந்தத் தண்ணீரில் புரதம் மிகக் குறைவு. பருப்பு அடியில் தங்கிவிடுகிறது. அரைத்துக் கரைத்தால்தான் பருப்பு உள்ளே போகும். ஆட்டுக்கால் சூப்பும் அப்படித்தான். சூடாக இதமாக இருக்கும், ஆனால் அதை நம்பிப் புரதக் கணக்கை முடிக்க முடியாது.

இந்த வாரங்களில் சில அறிகுறிகளுக்கு வீட்டு வைத்தியமே கிடையாது. காய்ச்சல், நெஞ்சு படபடவென்று அடித்துக்கொண்டே இருப்பது, தாங்க முடியாத வயிற்று வலி, இடது தோள்பட்டையில் புது வலி, மூச்சுத் திணறல், கால் கெண்டையில் வீக்கமும் வலியும் இவற்றில் எது வந்தாலும், இரவு இரண்டு மணியானாலும், ஆபரேஷன் செய்த ஆஸ்பத்திரிக்குப் போய்விடுங்கள். தையலில் கசிவு இருந்தாலும் ரத்தக்கட்டி அடைத்தாலும் இப்படித்தான் காட்டும். ஒரு நாள் முழுக்கத் தண்ணீர்கூட உள்ளே நிற்கவில்லை என்றாலும், மலம் தார் போலக் கறுப்பாகப் போனாலும் அதேதான். "கேஸ் பிடிச்சிருக்கும், ஓமத் தண்ணி குடி" என்று யார் சொன்னாலும் கேட்காதீர்கள்.

மூன்றாம் வாரம் முதல்: மசியல்

கைக்குழந்தைக்குச் சோறு ஊட்டத் தொடங்கும்போது எந்தப் பதத்தில் கொடுப்போமோ அந்தப் பதம். கட்டி இருக்கக் கூடாது, நார் இருக்கக் கூடாது, தோல் இருக்கக் கூடாது. குழைந்த பாசிப்பருப்பு, மசித்த அவித்த முட்டை, துணியில் கட்டித் தொங்கவிட்டு நீர் வடித்த தயிர், மிருதுவான பன்னீர், முள் எடுத்து மசித்த மீன். காயில் சுரைக்காய், பூசணி, பீர்க்கங்காய். இரண்டு மூன்று டேபிள்ஸ்பூனில் வயிறு நிறைந்துவிடும். அது தப்பில்லை, அவ்வளவுதான் இடம்.

ஒரு நாளைக்கு ஒரு புதுப் பொருளை மட்டும் சேர்த்துப் பாருங்கள். எனக்கு இந்தச் சமயத்தில் பால் ஒத்துக்கொள்ளவில்லை, வயிறு உப்பிப் பேதியானது. பலருக்கு இப்படி ஆகிறது. தயிருக்கும், லாக்டோஸ் (பாலில் உள்ள சர்க்கரை) குறைந்த வே ஐசோலேட் (பாலிலிருந்து எடுத்த புரதம்) பவுடருக்கும் மாறினேன். சில மாதம் கழித்துப் பால் மறுபடி ஒத்துக்கொண்டது. முட்டை வாசனையே பிடிக்காமல் போய்விட்டது என்று ஒரு டீச்சர் அழுதார். அதுவும் நடக்கும், பெரும்பாலும் திரும்பி வரும். அதுவரை வேறு புரதத்தைப் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஐந்தாம் வாரம் முதல்: மெத்தென்று இருப்பவை

இப்போது மிக்சியை ஓரம் கட்டலாம். பல்லால் மெல்லத் தொடங்கும் காலம் இது. சுறாப்புட்டு எனக்குத் தெய்வம் போல வந்தது. உதிரியாக இருக்கும், மிருதுவாக இருக்கும், புரதம் நிறைய. எண்ணெயை மட்டும் குறைத்துக்கொண்டால் போதும். ஆட்டுக் கொத்துக்கறியைக் குக்கரில் நன்றாக வேகவிட்டுக் கொஞ்சம் கிரேவியோடு சாப்பிடலாம். கோழியின் நெஞ்சுக்கறியை வறுவலாகச் செய்தால் பஞ்சுபோல வறண்டு தொண்டைக்குக் கீழே நின்றுவிடும். தொடைக்கறியைக் குழம்பில் வேகவைத்துப் பிய்த்துப் போட்டால் இறங்கும். சைவமாக இருந்தால் பாசிப்பருப்புத் தோசை, பன்னீர் புர்ஜி, நன்றாக வெந்து தோல் நீக்கிய சுண்டல், ஊறவைத்துப் பொடியாக நறுக்கிய மீல் மேக்கர்.

ஸ்பூனால் சாப்பிடுங்கள். இது சின்ன விஷயமாகத் தெரியும், ஆனால் எனக்கு மிகவும் உதவியது இதுதான். நாம் கையால் பிசைந்து உருட்டும் ஒரு கவளம் இப்போதைய வயிற்றுக்கு மூன்று வாய். கை பழைய அளவில்தான் உருட்டும், அதற்குச் சொல்லித் தர முடியாது. குழந்தைக்கு ஊட்டும் சின்ன ஸ்பூன் ஒன்று வாங்கி ஆறு மாதம் அதிலேயே சாப்பிட்டேன். ஒரு வாய் எடுத்ததும் ஸ்பூனைக் கீழே வைத்துவிட வேண்டும். இருபது இருபத்தைந்து தடவை மென்று, விழுங்கி, பிறகுதான் கையில் எடுக்க வேண்டும். ஒரு வேளைக்கு இருபது முதல் முப்பது நிமிஷம். அதற்கு மேல் இழுத்தால் அது சாப்பாடாக இல்லாமல் கொறிப்பாக மாறிவிடும்.

"போதும்" என்று வயிறு எப்படிச் சொல்லும்

பழைய வயிறு நிறைந்தால் ஏப்பம் வந்து, கண் சொக்கி, இடுப்பில் துணி இறுகும். புது வயிறு அப்படிச் சொல்லாது. சிலருக்கு விக்கல் வரும். எனக்கு மூக்கில் நீர் வடியும். அண்ணனுக்கு ஒரு பெருமூச்சு வரும், அண்ணி அதைக் கேட்டதுமே தட்டை எடுத்துவிடுவார். நெஞ்செலும்புக்குக் கீழே லேசாக ஒரு அழுத்தம் பலருக்குத் தெரியும். உங்கள் அடையாளம் எது என்று முதல் மாதங்களில் கவனித்துப் பிடித்துவிடுங்கள். அது வந்த பிறகு ஒரு ஸ்பூன்கூட வேண்டாம். தட்டில் மிச்சம் இருந்தாலும் வேண்டாம்.

சோற்றை வீணாக்கக் கூடாது என்று சொல்லி வளர்க்கப்பட்டவர்கள் நாம். மிச்சம் வைப்பதே பாவம் என்று கை நடுங்கும். வழி ஒன்றுதான். குறைவாகப் பரிமாறிக்கொண்டு, வேண்டுமானால் மறுபடி வாங்கிக்கொள்ளுங்கள். டிபன் தட்டு அளவுக்கு ஒரு சின்னத் தட்டு போதும்.

அந்த ஒரு ஸ்பூனைத் தாண்டினால் என்ன ஆகும்? நெஞ்சுக்குள் ஏதோ அடைத்தது போல இருக்கும், வாயில் எச்சில் ஊறி நுரை நுரையாக வரும், கடைசியில் வாந்தி. அப்போது தண்ணீர் குடித்து உள்ளே தள்ளப் பார்க்காதீர்கள், இன்னும் மோசமாகும். எழுந்து மெதுவாக நடங்கள், நுரையைத் துப்பிவிடுங்கள். எப்போதாவது ஒரு தடவை இப்படி ஆனால் பயப்பட வேண்டாம். நாள் தவறாமல் வாந்தி வந்தால் அது வேறு விஷயம். அதனால் தயமின் என்னும் பி1 வைட்டமின் சில வாரங்களிலேயே தீர்ந்துபோய் மூளையையும் நரம்பையும் பாதிக்கும். வாந்தியோடு பார்வை இரண்டாகத் தெரிவது, நடை தள்ளாடுவது, பேச்சு குழம்புவது என்று வந்தால் ஒரு மணி நேரம்கூடத் தாமதிக்கக் கூடாது.

தண்ணீர் தனி, சாப்பாடு தனி

சாப்பிடுவதற்கு அரை மணி முன்பே தண்ணீரை நிறுத்திவிட வேண்டும். சாப்பிட்டு அரை மணி கழித்துத்தான் மறுபடி. சாப்பாட்டோடு குடித்தால் புரதத்துக்கு இருக்கும் கொஞ்ச இடத்தையும் தண்ணீர் பிடித்துக்கொள்ளும், அல்லது சாப்பாட்டைச் சீக்கிரம் கீழே தள்ளிவிட்டு மறுபடி இடம் காலி செய்யும். ரசம் சாதம், மோர் சாதம் இரண்டும் இந்த விதிக்கு நேர் எதிர். நான் ரசத்தைச் சாப்பாட்டிலிருந்து பிரித்து, பதினோரு மணிக்கும் நாலு மணிக்கும் குடிக்கும் பானமாக மாற்றிவிட்டேன். மோரும் அப்படியே. காரமான சாப்பாட்டுக்குப் பிறகு தண்ணீர் கேட்டுத் தொண்டை தவிக்கும் என்பதால் வீட்டுக் குழம்பில் காரம் தானாகவே குறைந்தது.

புரதக் கணக்கு

நாளுக்கு 60 முதல் 80 கிராம் புரதம் என்று பொதுவாகச் சொல்வார்கள். இது குறைந்தால் உடம்பு கொழுப்போடு தசையையும் சேர்த்துக் கரைக்கும். முடி கொட்டும், நடந்தால் முழங்கால் நடுங்கும். முடி கொட்டுவதைப் பற்றி இங்கேயே சொல்லிவிடுகிறேன். மூன்றாம் மாதத்திலிருந்து ஆறாம் மாதம் வரை ஆபரேஷனும் வேகமான எடைக் குறைவும் சேர்ந்து பலருக்குக் கொஞ்சம் கொட்டத்தான் செய்யும். பிறகு முளைக்கும். புரதமும் இரும்புச்சத்தும் குறைந்தவர்களுக்குத்தான் நிற்காமல் கொட்டும்.

60 கிராம் என்பது நம் சமையலில் எவ்வளவு? ஒரு முட்டை 6 கிராம். ஒரு இட்லி 2 கிராம். 100 கிராம் வெந்த சோறு இரண்டரை கிராம்தான். 100 மி.லி. பால் 3 கிராமுக்குச் சற்று மேல். 100 கிராம் பன்னீர் 18 கிராம். 100 கிராம் மீன் 20 கிராம் பக்கம். 20 கிராம் உலர்ந்த மீல் மேக்கர் 10 கிராம். சோற்றின் எண்ணையும் மீனின் எண்ணையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள், தட்டின் வரிசையை நான் ஏன் மாற்றச் சொல்கிறேன் என்று தெரியும்.

மூன்றாம் மாதத்தில் என் ஒரு நாள் இப்படி இருந்தது. காலையில் இரண்டு முட்டைப் பொரியல், 12 கிராம். பதினோரு மணி இடைவேளையில் ஒரு ஸ்கூப் வே பவுடர், அது 24 கிராம். மதியம் 60 கிராம் மீன், 12 கிராம். ஒரு ஸ்பூன் காய், இடம் இருந்தால் ஒரு ஸ்பூன் குழைந்த சோறு. நாலரைக்குக் கால் கப் சுண்டல், 4 கிராம். இரவு ஏழு மணிக்கு 50 கிராம் பன்னீர், 9 கிராம். மொத்தம் 61. மீனையும் சுண்டலையும் மதியமே ஒரே வேளையாகச் சாப்பிட முயன்ற நாளெல்லாம் இரண்டும் உள்ளே நிற்கவில்லை. ஐந்து வேளை, ஒவ்வொன்றிலும் முதல் வாய் புரதம். பவுடர் இல்லாமல் முதல் ஆறு மாதம் இந்தக் கணக்கை எட்டுவது மிகக் கடினம், சைவக்காரர்களுக்கு இன்னும் கடினம். பவுடர் வாங்கும்போது சர்க்கரை எத்தனை கிராம் என்று டப்பாவின் பின்பக்கம் படித்து வாங்குங்கள். சிறுநீரகத் தொல்லை உள்ளவர்கள் டாக்டரைக் கேட்காமல் தொடக் கூடாது.

இரவுச் சாப்பாட்டை நான் ஏழு மணிக்கே முடிப்பதற்குக் காரணம் நெஞ்செரிச்சல். ஸ்லீவ் செய்தவர்களில் பலருக்கு அது வருகிறது. சாப்பிட்டதும் படுக்காதீர்கள்.

சோறு திரும்பி வரும் நாள்

எட்டு வாரம் ஆன பிறகு சாதாரணச் சாப்பாட்டை ஒவ்வொன்றாகச் சேர்க்கச் சொல்வார்கள். அம்மா அன்று பொங்கலே வைத்துவிட்டார். நான் இரண்டு ஸ்பூனில் நிறுத்தினேன்.

சோறு விஷம் இல்லை. ஆனால் மெல்லாமல் விழுங்கினால் ஒன்றோடொன்று ஒட்டிக் கட்டியாகும், இடத்தை அடைக்கும், புரதத்தை உள்ளே விடாது. அதனால் சோற்றுக்குக் கடைசியாக வாருங்கள்: முதலில் முட்டையோ மீனோ பருப்போ, அடுத்து காய், அதற்குப் பிறகும் இடம் இருந்தால் சோறு. பரோட்டா, சப்பாத்தி, பன், ரொட்டி ஆகியவை மாவு உருண்டையாகி அடைப்பவை. எனக்கு சப்பாத்தி ஒரு வருஷம் கழித்துத்தான் இறங்கியது, அதுவும் பாதி. பரோட்டாவை இன்றுவரை தொடுவதில்லை. முருங்கைக்காய் சக்கை, வாழைத்தண்டு நார், தேங்காய்ச் சில்லு, ஆரஞ்சுச் சுளையின் தோல் எல்லாம் சிக்கிக்கொள்ளும். சாம்பாரில் மிதக்கும் கறிவேப்பிலையை எடுத்துப் போட்டுவிடுங்கள்.

இனிப்பும், சுலபமாக வழுக்கிக்கொண்டு போகிறவையும்

பைபாஸ் முடிந்த நாலாம் மாதம் அண்ணன் ஒரு சாயங்காலம் ஜிகர்தண்டா குடித்தார். அரை டம்ளர்தான் இருக்கும். இருபது நிமிஷத்தில் முகம் வெளுத்தது, சட்டை நனைய வேர்த்தது, நெஞ்சு அடித்துக்கொண்டது, வயிறு முறுக்கிப் பேதி. மாரடைப்போ என்று அண்ணி அலறிவிட்டார். டாக்டர் பார்த்துவிட்டு, இதுதான் டம்பிங் என்றார். இனிப்பு மொத்தமும் ஒரே நேரத்தில் சிறுகுடலில் கொட்டியதால் உடம்பு தண்ணீரையெல்லாம் அங்கே இழுத்துக்கொண்டு படும் பாடு. சாப்பிட்டுப் பத்து முதல் முப்பது நிமிஷத்துக்குள் வரும். இன்னொரு வகை ஒன்று முதல் மூன்று மணி நேரம் கழித்து வருவது. இன்சுலின் அதிகமாகச் சுரந்து சர்க்கரை இறங்கிவிடும். கை நடுங்கும், கண் இருட்டும், கொலைப் பசி எடுக்கும். அது வந்தால் என்ன எடுத்துக்கொள்ள வேண்டும் என்று முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். நாட்டுச் சர்க்கரை, கருப்பட்டி, தேன், தீபாவளி லேகியம் என்று பெயர் மாறினாலும் குடலுக்கு எல்லாம் இனிப்புதான்.

ஸ்லீவ் செய்தவர்களுக்கு டம்பிங் குறைவு. அதனால்தான் எங்களுக்கு வேறு ஆபத்து. முறுக்கு, மிக்சர், டீயில் தோய்த்த ரஸ்க், ஐஸ்கிரீம், பாயசம் இவற்றுக்கு வயிற்றில் தடையே இருக்காது. மென்றதும் கூழாகி வழுக்கிக்கொண்டு போய்விடும். இரண்டு துண்டு மீனுக்கு நிறைந்துவிடும் அதே வயிறு, அரைப் பாக்கெட் பிஸ்கட்டுக்கு நிறையாது. ஒன்றரை இரண்டு வருஷம் கழித்து எடை மறுபடி ஏறுவதில் இந்தக் கொறிப்புக்குப் பெரிய பங்கு உண்டு. எனக்கும் ஏறியது, ஐந்து கிலோ. ஸ்டாஃப் ரூமில் சாயங்காலம் டீயோடு வந்த ரஸ்க்தான் காரணம் என்று ஒரு வாரம் எழுதிப் பார்த்த பிறகுதான் தெரிந்தது. வீட்டில் ரஸ்க் வாங்குவதை நிறுத்திவிட்டு, டிபன் பாக்ஸில் வறுத்த பொட்டுக்கடலை எடுத்துப் போகத் தொடங்கினேன். எடை ஏறியது தெரிந்ததும் வெட்கப்பட்டு டாக்டரிடம் போகாமல் இருந்துவிடாதீர்கள். நான் ஆறு மாதம் அப்படி இருந்தேன், அந்த ஆறு மாதத்தில்தான் ஐந்தில் மூன்று கிலோ ஏறியது.

இதற்கெல்லாம் முன்பே, ஆபரேஷன் முடிந்த மூன்றாம் நான்காம் வாரத்தில், எடை இறங்காமல் ஒரே இடத்தில் நிற்கும். ஏறக்குறைய எல்லோருக்கும் நிற்கும். சாப்பாட்டை இன்னும் குறைக்காதீர்கள், அது தானாக நகரும்.

மாத்திரை டப்பா

நன்றாக இருக்கிறோம் என்று நினைத்து முதலில் நிறுத்திவிடுவது இதைத்தான். இது உயிர் இருக்கும்வரை. மல்டிவைட்டமின், பி12, இரும்பு, கால்சியம், வைட்டமின் டி. அளவை உங்கள் ரத்தப் பரிசோதனை பார்த்து டாக்டர் எழுதுவார். கால்சியம் பொதுவாக நாளுக்கு 1200 முதல் 1500 மி.கி., ஒரே தடவையாக உடம்பு ஏற்காது, 500, 600 ஆகப் பிரித்துச் சாப்பிட வேண்டும். கால்சியம் சிட்ரேட் வகை கேளுங்கள், அது கரைய வயிற்று அமிலம் அவ்வளவாகத் தேவையில்லை. கால்சியத்துக்கும் இரும்புக்கும் நடுவில் இரண்டு மணி நேரமாவது இடைவெளி வேண்டும், சேர்ந்து போட்டால் இரும்பு உடம்பில் சரியாகச் சேராது. டீ காபியும் இரும்பைத் தடுக்கும். நான் இரும்பை அதிகாலையிலும், கால்சியத்தை மதியமும் இரவும் வைத்துக்கொண்டேன். மாதவிலக்கு வரும் பெண்களுக்கு இரும்பு கூடுதலாக வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர்களும், பிரஷர் மாத்திரை போடுபவர்களும் பழைய அளவையே தொடராதீர்கள், தாமாக நிறுத்தவும் வேண்டாம். சாப்பாடு இவ்வளவு குறையும்போது அளவு வேகமாக மாறும், வாராவாரம்கூட மாற்ற வேண்டி வரும். தலைவலி, மூட்டுவலி என்று மெடிக்கல் ஷாப்பில் கேட்டு வாங்கும் டைக்ளோஃபெனாக், ஐபுபுரூஃபென் வகை மாத்திரைகள் பைபாஸ் செய்தவர்களுக்கு இணைப்பில் புண் உண்டாக்கும். பாராசிட்டமால் போதுமா என்று முதலில் கேளுங்கள். புகையும் அந்தப் புண்ணுக்குக் காரணம். சஷ்டி விரதமோ ரமலான் நோன்போ, தண்ணீர்கூடக் குடிக்காமல் இருப்பது முதல் வருஷத்தில் டாக்டரைக் கேட்காமல் வேண்டாம். குழந்தை பெற்றுக்கொள்ள நினைப்பவர்கள் ஒரு வருஷம் முதல் ஒன்றரை வருஷம் வரை தள்ளிப்போடச் சொல்வார்கள்.

பந்தி

கடைசியில் எல்லோரும் தயங்கித் தயங்கிக் கேட்பது இதைத்தான். கல்யாணத்துக்குப் போகாமலே இருந்துவிடலாமா?

போங்கள். முதல் பந்திக்கு வேண்டாம், கடைசிப் பந்திக்கு உட்காருங்கள். பரிமாறுகிறவர்களுக்கு அவசரம் குறைந்திருக்கும், பக்கத்தில் அடுத்த ஆள் காத்து நிற்க மாட்டார். வீட்டில் முட்டையோ பன்னீரோ சாப்பிட்டுவிட்டே கிளம்புங்கள். இலையில் கூட்டும் பொரியலும் வாங்கிக்கொள்ளலாம். பருப்பு ஊற்ற வருபவரிடம் சோறு இல்லாமலே ஒரு கரண்டி கேட்டு வாங்குங்கள், விநோதமாகப் பார்ப்பார், ஊற்றிவிட்டுப் போய்விடுவார். சோற்றுக்கு இலைமேல் கையை நீட்டி மறித்து, "ஒரு கரண்டியில பாதி போதும்ணே" என்று சொல்லிவிடுங்கள். பாயசத்தை இலையில் ஊற்றாமல் கப்பில் வாங்கி, பக்கத்தில் இருக்கும் குழந்தையிடம் தள்ளிவிடலாம். பார்ட்டியில் மது நீட்டுவார்கள். இந்த ஆபரேஷனுக்குப் பிறகு, முக்கியமாக பைபாஸில், அது பழைய அளவில் பாதிக்கே தலைக்கு ஏறும். தவிர்த்துவிடுங்கள்.

"என்ன, ஆளே உருகிட்ட, சுகரா?" என்று கேட்பார்கள். ஆபரேஷனை எல்லோரிடமும் சொல்ல வேண்டிய கடமை உங்களுக்கு இல்லை. ஆனால் உங்கள் இலைக்குப் பரிமாறும் ஒருவரிடம் சொல்லி வையுங்கள். என் சித்தி பெண் கல்யாணத்தில் அம்மா என் பக்கத்தில் உட்கார்ந்திருந்தார். சோற்றுக் கூடையோடு வந்தவர் என் இலையைப் பார்த்துவிட்டு, "என்னம்மா, சாப்பிடவே இல்லையே" என்று கரண்டியை இறக்கப் போனார். அம்மா கையை நீட்டி மறித்துச் சொன்னார்: "அவ சாப்பிட்டாச்சுப்பா. அந்தக் கூட்டுல இன்னும் ஒரு ஸ்பூன் மட்டும் கொண்டா."